புள்ளி, கோடு, மறுபடியும் புள்ளி: டிஜிட்டல் ஆசிலாஸ்கோப் வாங்குகிறவருக்கு ஒரு வரலாறு

ஆசிலாஸ்கோப் வாங்கலாம் என்று ஒருவர் முடிவு செய்தவுடன் அவர் கையில் வந்து விழுவது ஒரு விலைப்பட்டியல். 50 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 100 கோடி சாம்பிள், 1.2 கோடி புள்ளி மெமரி, 8 பிட், வினாடிக்கு 30,000 அலைவடிவம்... எங்கு பார்த்தாலும் எண்கள்! எந்த எண் பெரிதோ அதையே வாங்கிவிடலாம் என்றால், எல்லா எண்ணும் பெரிதாக இருக்கும் கருவியின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். சிலவற்றின் விலைக்கு வீடே வாங்கலாம். ஆகவே எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். எதை?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஒரு அட்டவணை போட்டுப் பதில் சொல்வார்கள். ஆனால் அந்த எண்கள் ஒவ்வொன்றும் எப்போது, எதற்காக விலைப்பட்டியலுக்குள் நுழைந்தன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெரும்பாலான எண்களுக்குப் பின்னால் திரை காட்டியதை நம்பி ஏமாறும் ஒரு வழி ஒளிந்திருக்கிறது.

முதலில் வந்தது புள்ளி

ஆசிலாஸ்கோப்பின் கதையைப் பிரவுன் குழாயில் இருந்து தொடங்குவது வழக்கம். அதற்கும் முன்னால் போகவேண்டும். 1880ம் ஆண்டு பிரான்சைச் சேர்ந்த ழூல் ழுபேர் என்ற இயற்பியலாளர் மாறுதிசை மின்சாரத்தின் உருவம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினார். அன்று இருந்த முள் மீட்டர்களால் வினாடிக்குப் பல முறை ஏறி இறங்கும் மின்னழுத்தத்தின் பின்னால் ஓட முடியாது. முள்ளுக்கு எடை இருக்கிறதே!

அவர் செய்த தந்திரம் அழகானது. ஜெனரேட்டரின் அச்சில் ஒரு தொடுமுனையைப் பொருத்தினார். அச்சு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரே ஒரு கணம் மட்டும் அந்த முனை தொட்டு விலகும். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் எவ்வளவோ அது மட்டும் அளக்கப்படும். அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே அளவு. ஆகவே முள் நிதானமாக ஓர் இடத்தில் நிற்கும். அதைக் குறித்துக்கொண்டு தொடுமுனையைக் கொஞ்சம் நகர்த்தினால் அலையின் அடுத்த இடம் கிடைக்கும். இப்படியே ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, வரைபடத்தாளில் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் அலை தயார்.

ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அலை அச்சு அசலாக அதே மாதிரி வரவேண்டும். ஒரே ஒரு முறை வந்து போகிற துடிப்பை இந்த முறையில் பிடிக்கவே முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். நூறு வருடம் கழித்து மறுபடி வரப்போகிறது.

1893ல் ஆந்த்ரே பிளோண்டெல் ஒரு சின்னக் கண்ணாடியை மின்காந்தத்தால் ஆட்டி, அதில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கொண்டு அலையை நேரடியாக வரையும் ஆசிலோகிராப்பைச் செய்தார். கண்ணாடி முள்ளைவிட லேசானது. ஆனாலும் அதற்கும் எடை உண்டு. சில ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது.

எடையே இல்லாத முள் வேண்டும். 1897ல் அப்போது ஜெர்மனியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் அதைச் செய்து காட்டினார். வெற்றிடக் குழாய்க்குள் ஓடும் எலக்ட்ரான் கற்றைதான் முள். கற்றை ஒளிரும் திரையில் பட்டு ஒரு புள்ளியாகத் தெரியும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் புள்ளி மேலும் கீழும் ஆடும். பிரவுனின் முதல் குழாயில் பக்கவாட்டு அசைவு கிடையாது. சுழலும் கண்ணாடியில் பார்த்துத்தான் அதை அலையாக விரித்தார். 1899ல் அவருடைய உதவியாளர் யோனதான் ஜென்னெக் காலத்துக்கும் ஓர் அச்சு கொடுத்தார். கற்றை இடமிருந்து வலமாகத் தானே ஓடியது. புள்ளி கோடாகிவிட்டது.

(பிரவுனுக்கு 1909ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதற்காக அல்ல; கம்பியில்லாத் தந்திக்காக, மார்க்கோனியுடன் பகிர்ந்துகொண்டார்.)

கோடு நின்றது

அடுத்த முப்பது வருடம் இந்தக் குழாய் ஆய்வகங்களை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஆரம்பகாலக் குழாய்கள் சில பத்து மணி நேரத்திலேயே செத்துப்போகும். 1930களில் அமெரிக்காவின் ஆலன் டூமாண்ட் ஆயிரம் மணி நேரம் வரை தாங்கும் குழாயைச் செய்த பிறகுதான் ஆசிலாஸ்கோப் கடையில் வாங்கும் பொருளானது.

அந்தக் கால ஆசிலாஸ்கோப்பில் ஒரு தலைவலி இருந்தது. கற்றை இடமிருந்து வலமாக ஓடுவது தன் இஷ்டத்துக்கு ஓடும். அலை தன் இஷ்டத்துக்கு வரும். இரண்டும் ஒத்துப்போகும்வரை குமிழைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் விலகினாலும் படம் ஓட ஆரம்பித்துவிடும்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஜாக் மர்டாக் என்பவர் ரேடியோக் கடை வைத்திருந்தார். அங்கே ரேடியோ ரிப்பேர் பார்த்தவர் ஹோவர்ட் வொல்லம். இரண்டாம் உலகப்போரில் வொல்லம் ராணுவத்தில் ரேடார் வேலை பார்த்தார். போர் முடிந்து திரும்பியதும் 1946ல் இருவரும் வேறு சிலருடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் டெக்ட்ரானிக்ஸ். 1947ல் வெளிவந்த அவர்களுடைய 511 என்ற மாடலின் விலை 795 டாலர். பட்டைஅகலம் 10 மெகாஹெர்ட்ஸ். முதல் கருவியை வாங்கியது ஒரிகன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அல்ல, மருத்துவக் கல்லூரி!

511ன் சிறப்பு ட்ரிக்கர். அலை குறிப்பிட்ட அளவைத் தொட்டால் மட்டுமே கற்றை ஓட ஆரம்பிக்கும். ஓடி முடித்ததும் அடுத்த முறை அந்த அளவு வரும்வரை காத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் படம் அதே இடத்தில் விழுந்து அசையாமல் நிற்கும். இது ஏற்கெனவே ரேடார் வேலைகளில் இருந்த யோசனைதான். ஆனால் அளவு குறித்த குமிழ்களுடன், மேசைமேல் தூக்கி வைக்கும் பெட்டியில், நம்பகமாக வந்தது இதில்தான். 'இந்தத் துடிப்பு இத்தனை மைக்ரோவினாடி, இத்தனை வோல்ட்' என்று திரையைப் பார்த்தே எண் சொல்ல முடிந்தது.

விலைப்பட்டியலின் முதல் எண்ணான பட்டைஅகலம் இந்தக் காலத்தின் சொத்து. இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 50 மெகாஹெர்ட்ஸ் ஆசிலாஸ்கோப் என்றால் 50 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாம் சரியாகத் தெரியும் என்று பொருளல்ல. 50 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால் அதன் உயரம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்து தெரியும் என்பதே பொருள். சதுர அலையின் கூர்மையோ அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களில் இருக்கிறது. ஆர்டுவினோ யூனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை, இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் பல வருடம் கோலோச்சிய 20 மெகாஹெர்ட்ஸ் 'சிஆர்ஓ'வில் பார்த்தால் மொழுமொழுவென்று சைன் அலை போலத் தெரியும். சர்க்யூட்டில் தப்பில்லை, 48, 80 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளைக் கருவி விழுங்கிவிட்டது.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 350ஐப் பட்டைஅகலத்தின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கருவியின் சொந்த ஏறுநேரம் நானோவினாடியில் வரும். 50 மெகாஹெர்ட்ஸுக்கு 7, 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5. ஒரு துடிப்பு இதைவிட வேகமாக ஏறினாலும் திரை இந்த வேகத்தைத்தான் காட்டும்.

கோட்டின் குறை

அனலாக் ஆசிலாஸ்கோப் உண்மையைத்தான் காட்டியது, அதன் பட்டைஅகலத்துக்குள். ஆனால் அதற்கு ஞாபகசக்தி கிடையாது. கற்றை கடந்து போனதும் ஒளி மங்கிவிடும். ஒரே ஒரு முறை வரும் தீப்பொறியைப் பார்க்கவேண்டுமா? திரைக்கு முன்னால் போலராய்டு கேமரா மாட்டி, ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். 1960களின் தொடக்கத்தில் டெக்ட்ரானிக்ஸின் 564 போன்ற மாடல்களில் படத்தைத் திரையிலேயே நிறுத்தி வைக்கும் ஸ்டோரேஜ் குழாய் வந்தது. அது விலையும் அதிகம், மென்மையும் அதிகம். அந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுத்துக் கணக்குப் போடவும் வழியில்லை.

இதே காலத்தில் வேகத்துக்காக வேறொரு கூட்டம் ழுபேரின் தந்திரத்தைத் தூசி தட்டி எடுத்தது. 1960ல் எச்.பி. நிறுவனம் 185ஏ என்ற சாம்பிளிங் ஆசிலாஸ்கோப்பை வெளியிட்டது. 500 மெகாஹெர்ட்ஸ்! அவ்வளவு வேகமான ஆம்ப்ளிஃபையர் அன்று இல்லை. ஒவ்வொரு முறை அலை வரும்போதும் ஒரு புள்ளி, அடுத்த முறை கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. தொடுமுனைக்குப் பதில் டயோடு, மற்றதெல்லாம் 1880தான்.

மறுபடியும் புள்ளி

டிஜிட்டல் ஸ்டோரேஜ் ஆசிலாஸ்கோப் அணு ஆராய்ச்சிக்கும் மருத்துவத்துக்கும் பிறந்த குழந்தை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நிக்கோலே நிறுவனம் மெதுவான, ஆனால் 12 பிட் துல்லியமுள்ள கருவியைச் செய்தது. அதிர்வுகளையும் உடலின் மின்துடிப்புகளையும் பார்க்க அந்த வேகம் போதும். மறுபக்கம் வால்டர் லக்ராய், துகள் இயற்பியல் சோதனைகளுக்குக் கருவி செய்துகொண்டிருந்தார். மோதலில் பிறக்கும் துடிப்பு ஒரே முறைதான் வரும், அதுவும் நானோவினாடிகளில். அதைப் பிடிக்க 1971ல் அவர் நிறுவனம் செய்த டிஜிட்டைசர் ஒரு துடிப்புக்கு வெறும் 20 புள்ளிகளைத்தான் பதிவு செய்தது. ஆனால் அந்த 20 புள்ளிகள் எண்களாக இருந்தன. கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம், சேமிக்கலாம், நாளைக்கும் பார்க்கலாம்.

ஆகவே இன்று எந்த டிஜிட்டல் ஆசிலாஸ்கோப்பின் திரையில் தெரியும் கோடும் உண்மையில் கோடு அல்ல. கருவி புள்ளிகளை எடுத்து, நடுவில் தானே இட்டு நிரப்பிய ஓவியம் அது. எத்தனை புள்ளி, எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நேரத்துக்கு, எவ்வளவு நுணுக்கமாக, எத்தனை தடவை? விலைப்பட்டியலின் மற்ற எண்களெல்லாம் இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான்.

புள்ளிகள் போதாவிட்டால் என்ன ஆகும் என்பது சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியும். நைக்விஸ்ட் 1928லும் ஷானன் 1949லும் எழுதிய கணக்கு இதைத்தான் சொல்கிறது: அலையின் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுக்காவிட்டால் இல்லாத அலை ஒன்று தெரியும். இது கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால்கூட பரவாயில்லை. தெளிவாக, அசையாமல், அழகாகத் தெரியும். அதுதான் ஆபத்து.

1980களின் நடுவில் வந்த எச்.பி. 54100 வரிசையின் விளம்பர எண் 1 கிகாஹெர்ட்ஸ். அதன் சாம்பிள் வேகமோ வினாடிக்கு 4 கோடிதான். எப்படி? மறுபடி ழுபேர்தான்! திரும்பத் திரும்ப வரும் அலை என்றால் 1 கிகாஹெர்ட்ஸ். ஒரே முறை வரும் துடிப்பு என்றால் சில மெகாஹெர்ட்ஸ். இரண்டும் உண்மைதான், ஆனால் அட்டையில் பெரிதாக இருந்தது ஒன்றுதான். அதனால்தான் 'நேரடி' சாம்பிள் வேகம் பட்டைஅகலத்தைப்போல் நான்கைந்து மடங்காவது இருக்கவேண்டும் என்ற விதி பொறியாளர்கள் நடுவே பரவியது.

2500 புள்ளிகளின் கதை

1997ல் டெக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட டி.டி.எஸ். 210 ஒரு புரட்சி என்றே சொல்லலாம். ஆழம் குறைந்த சின்னப் பெட்டி, எல்.சி.டி. திரை, 60 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 100 கோடி சாம்பிள், விலை ஆயிரம் டாலரை ஒட்டி. உலகெங்கும் கல்லூரிகளும் சின்ன நிறுவனங்களும் வாங்கித் தள்ளின. 60க்கு 100 கோடி என்றால் விதியைவிட மூன்று மடங்கு தாராளம். பிறகு என்ன குறை?

மெமரி. அதில் இருந்தது 2500 புள்ளி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு 1 மில்லிவினாடி என்று வைத்தால் 10 கட்டத்துக்கு 10 மில்லிவினாடி. அதை 2500 புள்ளியால் நிரப்பவேண்டும். அப்படியென்றால் கருவி வினாடிக்கு இரண்டரை லட்சம் சாம்பிள்தான் எடுக்கும்! 100 கோடி என்று அட்டையில் எழுதிய கருவி, ஒரு குமிழைத் திருப்பியதும் இரண்டரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இந்த நிலையில் 251 கிலோஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால் திரையில் 1 கிலோஹெர்ட்ஸ் அலை அமைதியாக நிற்கும். எஸ்.எம்.பி.எஸ். ரிப்பேர் பார்ப்பவர் இப்படி ஒரு பொய் அலையைத் துரத்திக்கொண்டு ஒரு நாள் முழுவதையும் தொலைக்கலாம்.

டி.டி.எஸ். 210 மோசமான கருவி என்று இதற்குப் பொருளல்ல. வேகமான மெமரி அன்று தங்க விலை. ஒரு வருடம் முன்பே, 1996ல், எச்.பி. 54645 மாடலில் 10 லட்சம் புள்ளி மெமரி வந்துவிட்டது. ஆனால் விலை வேறு வர்க்கம். இன்று கோடிப் புள்ளி மெமரி மலிவான கருவியிலும் கிடைக்கிறது. 1.2 கோடி புள்ளி இருந்தால் அதே 10 மில்லிவினாடியிலும் 100 கோடி சாம்பிள் வேகம் குறையாது. எனவே பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது பெயரையும் மெகாஹெர்ட்ஸையும் அல்ல, மெமரியை. இந்த ஒரு எண்ணில்தான் 1990களின் நல்ல கருவிகள் பலவும் இன்றைய மலிவுக் கருவியிடம் தோற்கின்றன.

கண் மூடும் நேரம்

டிஜிட்டல் கருவிகள் வந்த பிறகும் அனலாக்கை விடாதவர்கள் பலர் இருந்தார்கள். லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் ஜிம் வில்லியம்ஸ் அவர்களில் பிரபலமானவர். பழைய டெக்ட்ரானிக்ஸ் பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 2011ல் அவர் மறைந்தபின், உதிரிகள் குவிந்து கிடந்த அவருடைய வேலை மேசையை அப்படியே கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

இவர்களுடைய பிடிவாதத்துக்குப் பின்னால் நியாயமான காரணம் இருந்தது. அனலாக் கருவி கற்றையை ஓட்டி முடித்த உடனேயே அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகிவிடும். டிஜிட்டல் கருவியோ புள்ளிகளைப் பிடித்தபின், அதைப் படமாக்கித் திரையில் போடும்வரை கண்ணை மூடிக்கொள்ளும். வினாடிக்கு 50 அலைவடிவம் பிடிக்கும் கருவி, ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோவினாடியைப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வினாடியில் அது கண் திறந்திருந்தது 50 மைக்ரோவினாடி. மீதி 99.995 சதவீதம் தூக்கம்! எப்போதாவது வரும் கோளாறு அந்தத் தூக்கத்தில்தான் வந்து போகும். திரையில் எல்லாம் சுத்தமாக இருக்கும், சர்க்யூட் மட்டும் அவ்வப்போது நின்றுபோகும்.

1990களின் நடுவில் டெக்ட்ரானிக்ஸ் இன்ஸ்டாவ்யூ என்ற பெயரில் வினாடிக்கு 4 லட்சம் அலைவடிவம்வரை பிடிக்கும் நுட்பத்தைக் கொண்டுவந்தது. 1998ல் 'டிஜிட்டல் பாஸ்பர்' என்ற பெயரில் அடிக்கடி வருவதைப் பிரகாசமாகவும் எப்போதாவது வருவதை மங்கலாகவும் காட்டினார்கள். அதாவது பழைய பச்சைத் திரையை மென்பொருளில் திரும்ப வரைந்தார்கள்! விலைப்பட்டியலில் 'வினாடிக்கு இத்தனை அலைவடிவம்' என்ற எண் முக்கியமானது இப்படித்தான்.

பெய்ஜிங்கில் இருந்து

1998ல் பெய்ஜிங்கில் தொடங்கிய ரிகோல் நிறுவனம் இந்தக் கதையின் விலைப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. 2000களின் நடுவில் எச்.பி.யின் வாரிசான அஜிலெண்ட் (இன்றைய கீசைட்) ரிகோல் செய்த கருவியைத் தன் பெயரில் விற்றது என்பது பலருக்குத் தெரியாது. அதே ரிகோலின் டி.எஸ். 1052இ, 50 மெகாஹெர்ட்ஸ், 10 லட்சம் புள்ளி, சுமார் 400 டாலருக்கு வந்தபோது வீட்டில் மேசை போட்டு எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் முதல் முறையாகப் புதுக் கருவி வாங்கினார்கள்.

திறந்து பார்த்தவர்களுக்கு இரண்டு ஆச்சரியங்கள். ஒன்று, வினாடிக்கு 4 கோடி சாம்பிளுக்கு விற்கப்படும் ஏ.டி.சி. சிப்புகள் ஐந்தைப் போட்டு, ஒவ்வொன்றையும் 10 கோடிக்கு விரட்டி, முறை வைத்து ஓட்டி 100 கோடி காட்டியிருந்தார்கள். இரண்டு, 2010ல் வெளியானபடி, 50 மெகாஹெர்ட்ஸ் மாடலும் விலை கூடிய 100 மெகாஹெர்ட்ஸ் மாடலும் ஒரே பலகைதான். கருவிக்குள் ஓர் அடையாள எண்ணை மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

இது திருட்டா, வாங்கியவரின் உரிமையா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சண்டையை விட்டுவிட்டு, கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்று புலப்படும். 2014-15ல் வந்து மிகப் பிரபலமான டி.எஸ். 1054இசட் நான்கு சானல் கொண்டது. 100 கோடி சாம்பிளை நான்கு சானலும் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். நான்கையும் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் 25 கோடி. 50 மெகாஹெர்ட்ஸுக்கு இது ஐந்து மடங்கு, சரியாகப் போதும். பூட்டை உடைத்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் இரண்டரை மடங்குதான், விதி உடைந்தது. ரிகோல் அதை 50 என்று விற்றதில் வியாபாரத் தந்திரம் இருந்தது, ஆனால் அந்த எண்ணில் நேர்மையும் இருந்தது. பின்னால் வந்த சிக்லெண்ட் எஸ்.டி.எஸ். 1104எக்ஸ்-இ இரண்டு ஏ.டி.சி. போட்டு, நான்கு சானலுக்கும் 50 கோடி வீதம் கொடுத்தது. நான்கு சானல் வாங்குகிறவர் 'எல்லாம் திறந்திருக்கும்போது எவ்வளவு' என்று கேட்கவேண்டும். கடைக்காரர் ஒரு சானலின் எண்ணைத்தான் சொல்வார்.

கடைசி எண் பிட். நாற்பது வருடமாக 8 பிட்டே வழக்கம். திரையின் உயரம் 256 படிகள். 2012ல் லக்ராய் 12 பிட் வரிசையை விலை உயர்ந்த கருவிகளில் கொண்டுவந்தது. 2023ல் ரிகோலின் டி.எச்.ஓ. 800 வரிசை அதைச் சாதாரண மேசைக்கே இறக்கியது. கட்டத்துக்கு 1 வோல்ட் என்று 8 கட்டம் வைத்தால் 8 பிட்டில் ஒரு படி 31 மில்லிவோல்ட், 12 பிட்டில் 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் சப்ளையில் 20 மில்லிவோல்ட் சிற்றலை முதலாவதில் படிக்குள் மறையும், இரண்டாவதில் தெரியும். ஆனால் 'ஏ.சி. கப்ளிங்' என்ற பொத்தானை அழுத்திப் பெருக்கிப் பார்த்தால் 8 பிட்டிலும் தெரியும், செலவில்லாமல்! ஆடியோ, சென்சார் வேலை செய்பவருக்கு 12 பிட் உண்மையில் உதவும். டிஜிட்டல் பஸ்களை மட்டும் பார்ப்பவர் அதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கு நான்கு சானலும் ஆழமான மெமரியும் போதும்.

பட்டியலில் சிறிய எழுத்தில் இருப்பவை

புரோபைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டியோடு வரும் புரோபில் 1, 10 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 1ல் வைத்தால் பட்டைஅகலம் சில மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், 100 மெகாஹெர்ட்ஸ் கருவி வாங்கியிருந்தாலும். 10ல் வைத்து, கருவியின் முகப்பில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, மூலைகள் நேராகும்வரை சின்னத் திருகைத் திருப்பவேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மேசை ஆசிலாஸ்கோப்பின் எல்லா சானலின் கிரவுண்டு கிளிப்பும் உள்ளே ஒன்றாக இணைந்து, பவர் கார்டின் மூன்றாவது பின் வழியாகக் கட்டிடத்தின் எர்த்துக்குப் போகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மெயின்ஸ் பக்கத்தில் அந்தக் கிளிப்பை மாட்டினால் நேரே ஷார்ட். பியூஸ் போகும், புரோப் கருகும், கருவியும் போகலாம். டிவி ரிப்பேர் காலத்தில் இருந்தே இதற்கு ஒரு குறுக்குவழி வழக்கத்தில் உண்டு: ஆசிலாஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடுவது. பியூஸ் போகாது. பதிலாக கருவியின் உலோக உடம்பு முழுவதும் மெயின்ஸ் மின்சாரத்தில் நிற்கும், அதன் குமிழைத் திருப்பக் கை நீளும். இதைச் செய்யவே கூடாது. சோதிக்கும் போர்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கொடுக்கவேண்டும், அல்லது டிஃபரென்ஷியல் புரோப் வாங்கவேண்டும். மெயின்ஸ் வேலையே பிரதானம் என்றால் 1990களில் இருந்து வரும் பேட்டரிக் கையடக்கக் கருவிகளில், சானல்கள் ஒன்றுக்கொன்று தனியாகப் பிரிக்கப்பட்ட மாடலாகப் பார்த்து எடுக்கவேண்டும். அவற்றின் இன்புட் அருகே எத்தனை வோல்ட், எந்த 'கேட்' வகை என்று அச்சிட்டிருப்பார்கள். புரோபின் மேலும் தனியாக ஒரு எண் இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.